தேவகி கேட்ட ஸ்டாண்டு

பரீட்சையை முடித்துக்கொண்டு அனு சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா உதயகுமார் கையில் டிரில்லிங் மெஷினோடு நின்றிருந்தார். மறுநாள் அம்மா தேவகியின் காரியம்.

“சொந்தக்காரங்க வர்றதுக்குள்ள போட்டோவ ஹால் டைல்ஸ் செவுத்துல மாட்டணும்மா.”

அனுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மசாலா டப்பா வைக்க அடுக்களைச் சுவரில் ஒரு ஸ்டாண்டு வேண்டும் என்று தேவகி வீடு கட்டிய நாளிலிருந்து கேட்டாள். ஓட்டை போட்டால் டைல்ஸ் விரிசல் விடும் என்றார் அவர். டைல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரணிலிருந்த மல்லித்தூளை எடுக்க ஸ்டூல் மேல் ஏறிய தேவகிதான் விழுந்து செத்தாள்.

“இப்ப மட்டும் விரிசல் விடாதாப்பா?”

“உங்கம்மாவுக்காகத்தானேமா.”

“அம்மா யூடியூப் பாத்துச் சொல்லிக்கினே இருந்தாங்க. மெஷின இடிச்சு இடிச்சுத் தொளைக்கிற ஹேமர்ல வச்சா டைல்ஸ் வெடிச்சிடும், அத ஆஃப் பண்ணு, டேப்ப குறுக்க ஒட்டு, தண்ணி விட்டு மெதுவா ஓட்டுன்னு. ஒரு நாளாவது காதுல வாங்கினியா நீ?”

அவர் இப்போதும் வாங்கவில்லை. ஹேமரிலேயே வைத்து அழுத்தினார். டைல் மூலைக்கு மூலை வெடித்தது. மனைவி செத்தபோது வராத கண்ணீர் அவருக்கு அப்போது வந்தது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

மத்தியான வெயிலில் தெருவே அடங்கிக் கிடந்தது. அடுக்களையிலிருந்து வறுத்த மல்லியின் வாசம் மெல்லப் பரவியது.

அடுப்பை யாரும் பற்றவைக்கவில்லை.

பிறகு அந்தச் சத்தம். அவசரமே இல்லாமல் சுவரைத் தின்னும் சத்தம்.

அனு எட்டிப் பார்த்தாள். ஸ்டாண்டுக்கு அளவெடுத்ததுபோல் டைல்ஸில் இரண்டு ஓட்டைகள். சுற்றிலும் குறுக்கே ஒட்டிய டேப். மயிரிழை விரிசல்கூட இல்லை. தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

ஹாலுக்கு ஓடினாள். மெஷின் போட்ட இடத்திலேயே கிடந்தது, பிளக் வெளியே.

தொட்டாள். சுட்டது.

“அப்பா!”

உள்ளே அவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் குறுக்கே ஒட்டிய டேப். நடுவில் பென்சில் புள்ளி. புள்ளியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்.

“அம்மா, வேணாம்மா,” அனு கிசுகிசுத்தாள். “ஸ்டாண்டு நான் மாட்டித் தர்றேன். இன்னைக்கே.”

மல்லி வாசம் அவளைத் தாண்டிக் கட்டிலருகே போனது.

அவள் முதுகுக்குப் பின்னால் மெஷின் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

பிறகு ‘க்ளிக்’ என்று ஹேமருக்கு மாறியது.