தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

நிலவறையிலிருந்து கணவன் வெண்டல் இருமும் சத்தம் கேட்டபோது மார்லிஸ் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். பதினொரு வருடமாகக் கேட்டுப் பழகிய இருமல். வறட்டுத்தனமாக முதலில் ஒன்று, நெஞ்சுக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு வரும் இரண்டு, கடைசியில் தொண்டையைச் செருமும் ஒலி. கை தன்பாட்டில் அடுத்த கிழங்கை எடுத்துப் பாதி சீவிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெண்டல் வீட்டில் இல்லை. நான்கு மணிக்கே பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு துப்பாக்கி வாங்க டவுனுக்குப் போய்விட்டான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். முற்றத்திலிருந்து சாலைக்குப் போகும் சக்கரத் தடங்களைப் புதுப் பனி பாதி மூடியிருந்தது. திரும்பி வந்த தடம் எதுவும் இல்லை. அதற்கு அப்பால் காலியான மாட்டுக்கொட்டகை, அதற்கும் அப்பால் வானம் எது வயல் எது என்று பிரிக்க முடியாத வெள்ளை. வடக்கு டகோட்டாவின் பிப்ரவரி எப்போதும் அப்படித்தான். ஐந்தரை மணிக்கே வெளிச்சம் சோர்ந்துபோய், வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு சத்தமும் தன் அளவுக்கு மேல் பெரிதாகிவிடும்.

ரேடியோவாக இருக்கும் என்று நினைத்தாள். அவன் கட்டில், ரேடியோ, பழைய பூட்ஸ் எல்லாம் கீழேதான். பதினொரு வருடத்துக்கு முன், நாற்பத்திரண்டு கறவை மாடுகளும் ஏலத்தில் போன அன்று அவன் கட்டிலைக் கீழே இறக்கினான். இதயத்தில் அடைப்பு வந்து அவன் மருத்துவமனையில் கிடந்தபோது, இனி பண்ணை வேலை செய்தால் ஆள் மிஞ்ச மாட்டான் என்று டாக்டர் சொல்ல, அவள்தான் கையெழுத்துப் போட்டு விற்றாள். ஆள் உயிரோடு இருக்கிறானே என்று அவள் நினைத்தாள். எதற்கு உயிரோடு வைத்தாய் என்று அவன் கேட்டான். அதற்குப் பிறகு அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட வேண்டுமானால் ‘மகாராணி’ என்பான்.

வீட்டுக்குள் யாரோ வந்துபோகிறார்கள் என்று பத்து நாளாக அவன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பின்கதவு திறந்து கிடந்ததாம். வயதாகிறது, மறதி என்று அவள் விட்டுவிட்டாள். இன்று காலை காப்பிக்கு நடுவே சண்டை துப்பாக்கியில் வந்து நின்றது.

“பம்ப் துப்பாக்கியே போதும்,” என்றான் வெண்டல். “கையால ஒரு இழு, ஒரு தள்ளு. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எவனா இருந்தாலும் ஓடிடுவான்.”

“நீ இல்லாதப்ப வந்தா? என் தோள் இருக்கிற லட்சணத்துல நான் எதை இழுக்கிறது? செமி ஆட்டோன்னா விசையை அமுக்கினா போதும், அடுத்த தோட்டாவை அதுவே ஏத்திக்கும். சுடறப்ப தோள்ல விழற உதையும் கம்மின்னு துப்பாக்கிக் கடை ஆர்லனே சொல்றார்.”

“விக்கிறவன் சொல்லத்தான் சொல்லுவான். குளிர்ல எண்ணெய் இறுகி அது அடைச்சுக்கிட்டு நின்னா ஆர்லனா வந்து காப்பாத்துவான்? பம்ப்னா அடைச்சாலும் கையால இழுத்து விட்டுடலாம்.”

“அப்ப எனக்கு ஆகாததாப் பார்த்து வாங்கிட்டு வா.”

“மகாராணி சொன்னா மாட்டை விக்கணும். மகாராணி சொன்னா துப்பாக்கி வாங்கணும்.” கதவை அறைந்து சாத்தினான்.

தொலைபேசி மணி அடித்தபோது கத்தி அவள் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

“ஆர்லன் கடையிலேருந்து பேசுறேன்,” என்றான் வெண்டல். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. “உனக்கு வலி எந்தத் தோள்ல? இடதா, வலதா?”

“வலது. பத்து வருஷமா வலதுதான்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்.”

அப்போது கீழே மறுபடியும் இருமல். வறட்டுத்தனமாக ஒன்று. இழுத்துக்கொண்டு இரண்டு. செருமல்.

“வெண்டல், இப்ப நீ இருமினியா?”

“இல்லையே. ஏன்?”

“கீழ யாரோ இருமுறாங்க.”

திட்டப் போகிறான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில் கேட்டான்: “என்னை மாதிரியா?”

சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியின் சுருள் கம்பியை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“முந்தாநாள் நீ சர்ச் கூட்டத்துக்குப் போயிருந்தப்ப, மேல நீ நடக்கிற சத்தம் கேட்டுது,” என்றான் அவன். “படிக்கட்டு வரைக்கும் வந்து நின்னு சாப்பிட்டியான்னு கேட்டே. நானும் பதில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினோம். அவ்வளவு நல்லாப் பேசினே. அதுக்கு அப்புறம்தான் பக்கத்துப் பண்ணைக்காரி காரு வந்து உன்னை வாசல்ல இறக்கிச்சு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா சிரிப்பே.”

சிரித்திருப்பாள்தான்.

“நிலவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடு,” என்றான். “எது பேசினாலும் வாயைத் திறக்காதே. ஷெரீஃப் வர ஒரு மணி நேரம் ஆகும். நான் நாப்பது நிமிஷத்துல வந்துடுவேன்.”

சமையலறைப் பக்கம் இருந்த இரும்புத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள். வெளியே ஓடலாம் என்றால் அடுத்த வீடு இரண்டு மைல். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. பாதி வழியிலேயே விறைத்துவிடுவாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, முதுகைச் சுவருக்குக் கொடுத்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் ஒருமுறை உறுமி அடங்கியது. காற்று கூரைத் தகரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது. கதவின் அடியில் இருந்த இடைவெளி வழியே மெல்ல மெல்ல ஒரு வாசனை வந்தது. அது என்னவென்று தெரிந்தபோது அவள் முழங்கை வரை சிலிர்த்தது. கறந்த சூட்டோடு பால், ஈர வைக்கோல், மாட்டின் மூச்சு.

“மார்லி,” என்றது குரல்.

கல்யாணத்துக்கு முன்பு நடன அரங்குக்கு வெளியே நின்று அவன் அவளைக் கூப்பிட்ட பெயர்.

“மார்லி, மாட்டை வித்தது சரிதான். இல்லேன்னா நான் செத்திருப்பேன். ஒரு தடவையாவது உனக்கு நான் நன்றி சொல்லியிருக்கணும்.”

துவாலையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அது அவன் இல்லை என்று தெரியும். தெரிந்தும் கண்ணீர் வழிந்தது. இந்த வார்த்தைகளை எத்தனை வருடம் அந்தக் கதவின் முன்னால் நின்று எதிர்பார்த்திருப்பாள். அவை வந்துவிட்டன. யார் வாயிலிருந்தோ வந்துவிட்டன.

படிக்கட்டில் ஒரு பலகை முனகியது. பிறகு அடுத்தது. அவசரமே இல்லாத, ஈரமான காலடி. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. தட்டவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவள் மூச்சு விடும்போது அதுவும் விட்டது. அவள் நிறுத்தினாள். அதுவும் நிறுத்தியது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. பிக்கப்பின் விளக்குகள் ஜன்னலில் அடித்தபோது வெளியே முழுக்க இருட்டிவிட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் காலடிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போயின.

வெண்டல் வழக்கம்போலக் கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு வந்தான். பிக்கப்பின் விளக்கைக்கூட அணைக்கவில்லை. புருவத்தில் பனி. கையில் புது ஷாட்கன்.

“இந்தா, உன் செமி ஆட்டோ,” என்றான். “சின்னத் தோட்டா. தோளுக்கு அடி கம்மி. இப்பத் திருப்திதானே?”

அவள் துப்பாக்கியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “எனக்காகவா?”

“பின்ன, கொட்டகை எலிக்கா?” தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் திணித்தான். விறைத்த விரல்களிலிருந்து ஒன்று நழுவித் தரையில் உருண்டது. “முதல்ல பிரிச்சுத் துடைச்சிட்டுத்தான் சுடணும்னான் ஆர்லன். கம்பெனி எண்ணெயை அப்பி வெச்சிருக்காங்களாம். அதுக்கெல்லாம் இப்ப எங்க நேரம்?” ஹீட்டர் கெட்டுப்போன வண்டியில் நாற்பது நிமிடம் வந்த இரும்பு வெண்மையாக வியர்த்துக்கொண்டிருந்தது.

கீழே இருமல் கேட்டது. தன் இருமலைத் தானே கேட்ட வெண்டலின் முகம் ஒரு நிமிடத்தில் கிழடாகிவிட்டது.

“போகாதே,” என்றாள். “ரெண்டு பேரும் வண்டியில போயிடலாம்.”

“என் வீடு இது. மாடும் போச்சு. வீட்டையும் விட்டுட்டுப் போகவா?” தாழ்ப்பாளில் கை வைத்தான். “நான் இறங்கினதும் தாழ் போடு. நானே சொன்னாலும் யோசிச்சுத் திற.”

“நீதான்னு எப்படித் தெரியும்?”

“திட்டுவேன்ல,” என்றான். கிட்டத்தட்டச் சிரித்தான்.

அவன் இறங்கினான். அவள் தாழ் போட்டாள். காதைக் கதவில் வைத்தாள். மரம் பனிக்கட்டியாக இருந்தது. பதின்மூன்று படி. பிறகு சிமெண்ட் தரையில் பூட்ஸ். பிறகு ஒன்றுமில்லை.

வெடித்தது.

பாத்திரங்கள் அதிர்ந்தன. அடுத்த வெடிக்காகக் கண்ணை இறுக மூடிக் காத்திருந்தாள். வரவில்லை. ‘டக்’ என்று ஒரு சின்ன சத்தம். பாதியில் நின்ற இரும்பின் சத்தம்.

“அடைச்சுக்கிச்சு,” என்றான் வெண்டல் கீழே. ஆச்சரியப்பட்டவன்போல. பிறகு கத்தினான். “அடைச்சுக்கிச்சு, எழவு!”

இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம். ஒரு முறை. இரண்டு முறை. கனமாக எதுவோ விழுந்தது. இழுபட்டது. நின்றது.

கொதிகலன் உறுமியது. அடங்கியது.

காலடி. படியில். மெதுவாக.

“மார்லி. எல்லாம் முடிஞ்சுது. கதவைத் திற.”

“திட்டு,” என்றாள்.

அவள் கதவோடு நெற்றியை அழுத்திக்கொண்டாள்.

“என்னைத் திட்டு, வெண்டல். ஒரு வார்த்தை.”

“நான் ஏன் உன்னைத் திட்டணும்?” என்றது குரல். அவ்வளவு கனிவாக.

அதற்கும் கீழே, வெகு ஆழத்திலிருந்து, நுரைத்துக்கொண்டு ஓர் இருமல். “திறக்காதே… மூளை கெட்டவளே… தாழைத் தொடாதே…”

உயிரோடு இருந்தான். திட்டிக்கொண்டிருந்தான். எது அவன், எது அவன் இல்லை என்பதில் இனி அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

“பாரு,” என்றது கதவுக்குப் பின்னால் நின்றது. “சாகிறப்பகூட எப்படிப் பேசுறான். பதினொரு வருஷமா இதைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தே. போதாதா, மார்லி?”

கை தாழ்ப்பாளுக்குப் போனது. அவள் கைதான். யாரும் பிடித்து இழுக்கவில்லை. பின்னாளில்கூட அவளால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. வலது தோள் வலித்தது. இரும்பு இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள்.

திறந்தது.

அவள் திரும்பிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்து நின்றாள். முற்றத்தில் பிக்கப்பின் விளக்குகள் விழும் பனியைக் காட்டிக்கொண்டிருந்தன. பால் வாசனை அறையை நிறைத்தது. பின்னால் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

“மார்லிஸ்,” என்று கூப்பிட்டான் தரைக்கு அடியிலிருந்து வெண்டல். திட்டு இல்லை. பெயர் மட்டும். பதினொரு வருடத்துக்குப் பிறகு. “மார்லிஸ்.”

அவள் பதில் சொல்லவில்லை. மூன்றாவது முறை பாதிப் பெயரோடு நின்றுபோனது.

அவள் வலது தோளில் ஒரு கை வந்து படிந்தது. வலிக்கும் இடத்தைத் தேடவே இல்லை. நேராக அங்கேயே வந்து இதமாக அழுத்தத் தொடங்கியது. அவள் கண்ணை மூடி, தன்னையறியாமல் அந்த விரல்களை எண்ண ஆரம்பித்தாள்.

ஐந்தைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.