கொஞ்சம் சோர்வா இருக்கா, டாக்டர்

மழைக்குப் பயந்து ஓடிவந்தவள், கடைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். 'டொக்'கென்று ஒரு சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த வாலு, மல்லாந்து தரையில் விழுந்தாள்.

வாலு, கடைக்காரனுடைய அக்கா மகள். மூன்று வயதுகூட ஆகவில்லை. அக்கா வேலைக்குப் போனால், அவள் இந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் மாமாவின் பொறுப்பில்தான் இருப்பாள். லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவன் பாய்ந்து வந்தான்.

"ஏங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியலைங்க… அதுக்குத்தானே இந்தக் கடைக்கே வந்தேன்!"

அவள் கையில் உடைந்த கண்ணாடி. அவ்வளவு கோபத்திலும் அவனுக்குச் சிரிப்பு முட்டியது. சே… இப்போதா சிரிப்பது?

அதற்குள் அவள் மண்டியிட்டிருந்தாள். "தூக்காதீங்க, ஒரு நிமிஷம். நான் குழந்தைங்க டாக்டர்."

வாலு வீறிட்டாள்.

"அழட்டும். உடனே அழுதா நல்லதுதான்."

கழுத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். பார்வை சரியாகத் தெரியாததால், மூக்கோடு மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, மொபைல் வெளிச்சத்தில் குழந்தையின் கண்மணிகளைப் பார்த்தாள். அவளுடைய இமைகளில் மழைத்துளிகள்… எவ்வளவு பெரிய கண்கள்… டேய், நீ எங்கே பார்க்கிறாய்?

"இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கா. ஆனா தலை வலிக்குது, சுத்துதுன்னு இந்த வயசுல சொல்லத் தெரியாது. நாமதான் பாத்துக்கிட்டே இருக்கணும். வாந்தி, தள்ளாட்டம், என்ன செஞ்சாலும் அடங்காத அழுகை, பிடிச்ச பொம்மையைக்கூட வேணாங்கறது… எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும்."

"இடிச்சது போதும், நீங்க போங்க. எனக்குப் பாத்துக்கத் தெரியும்," என்றான் வீறாப்பாக.

அவள் போகவில்லை. ஈரத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

அழுது முடித்த வாலு அவன் தோளில் சரிந்தாள். மதியத் தூக்கமா… அடிபட்ட மயக்கமா? அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு உயிரான சிவப்பு ஃபிரேமை நீட்டினான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்து அவன் சட்டையெல்லாம் வாந்தி. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை.

"கிளம்புங்க," என்றாள் டாக்டர். இந்த முறை அவன் வீறாப்பு காட்டாமல் கிளம்பினான்.

மூளை லேசாகக் குலுங்கியிருக்கிறது, சாயங்காலம் வரை பார்வையில் வைத்திருப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த அக்கா, டாக்டரைப் பார்த்ததும் வெடித்தாள்.

"இடிச்சதும் நீங்க, வைத்தியமும் நீங்களா? என் பொண்ணைத் தொடாதீங்க!"

"தப்பு என்னோடதுதாங்க…" தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

அவன் அவள் பின்னாலேயே போனான். ஏன் போனான்? ஆறுதல் சொல்லவா, சண்டை போடவா? கடைசியில் தன் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

சாயங்காலம் வாலு பிஸ்கட் கேட்டு அடம்பிடித்தாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் போன் வந்தது. சாப்பிட்டாளா? நேரா நடக்கறாளா? தூங்கும்போது எழுப்பினா முழிக்கறாளா? கேள்விகள் தீர்ந்த பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை… அந்தப் பக்கம் மழைச் சத்தம்.

பிறகு ஒருநாள் சொன்னாள். "இனிமே பயமில்லைங்க. இதுதான் கடைசி போன்."

நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? பிறகு ஏன் இல்லை? வாய் தானாகப் பேசியது.

"இல்ல டாக்டர்… கொஞ்சம் சோர்வா இருக்கா."

"இதோ வரேன்!"

ஐயையோ… திரும்ப அழைத்தான். அழைத்துக்கொண்டே இருந்தான். அவள் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த முகவரியைத் தேடி, சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றாள். அக்காதான் கதவைத் திறந்தாள், பின்னால் அவன். சோபாவில் வாலு குதித்துக்கொண்டிருந்தாள்.

"சோர்வா? இவளா? இவளைப் பிடிச்சு உக்கார வைக்கத்தான் எனக்குத் தெம்பில்ல!"

இருந்தும் டாக்டர் குழந்தையைப் பொறுமையாகச் சோதித்தாள். நடக்க விட்டாள், பேச விட்டாள், கண்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்தாள். உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்தாள்.

"முதல்ல தலையைத் துவட்டுங்க. அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்… மனசுல வெச்சுக்காதீங்க." தம்பியின் பக்கம் ஒரு முறைப்பு. "டேய், என்ன உளறி வெச்சியோ, நீயே போய்ச் சொல்லு."

துண்டோடு வெளியேறியவள், அவன் பின்னால் வருவதைக் கேட்டு மாடிப்படி வளைவில் திரும்பி நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

"குழந்தை விஷயத்துல பொய் சொல்வாங்களா? உள்ளே ரத்தம் கசியுதோ, நான் எதையாவது பாக்காம விட்டுட்டேனோன்னு வழியெல்லாம் செத்துச் செத்துப் பிழைச்சேன்!"

"தப்புதான்… பெரிய தப்பு. இனிமே போன் வராதுன்னதும் என்ன பேசறேன்னே தெரியல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க. அதைத்தான் சொல்லியிருக்கணும். அதுக்குத் தைரியம் இல்லாம…"

வெளியே மழை கொட்டியது. அவள் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கோபமா, சிரிப்பா… அந்த முகத்தில் அவனுக்கு ஒன்றுமே படிக்கத் தெரியவில்லை.

"உங்களைத் திட்டற யோக்கியதை எனக்கும் இல்ல," என்றாள் கடைசியில், அவனைப் பார்க்காமல். "வாலு நல்லாயிட்டான்னு எனக்கு எப்பவோ தெரியும். அதுக்கப்புறம் பண்ணின போனெல்லாம்… அவளுக்காக இல்லைங்க."