மேல் வரியில் அண்ணன்

கம்ப்யூட்டரைப் போட்டதும் வந்த பட்டியலில் 'அண்ணன்' என்ற வரி மேலே இருந்தது. கீழே அல்லவா இருக்க வேண்டும்? தன் கையாலேயே அதைக் கீழே இறக்கியதை மறக்கத்தானே இத்தனை நாளும் அவன் படாதபாடு படுகிறான்.

"பாப்பா நாளைக்கு ஸ்கூல் வேலைக்கு உட்காரணும். பெரியப்பா பேரைப் பார்த்தா அழுவா. அந்த வரியை எடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி மகளோடு கடைக்குப் போயிருந்தாள். மதிய வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாகக் கசிய, அண்ணன் படுத்திருந்த கட்டில் போன பிறகும் அதன் கால் தடங்கள் தரையில் இருக்க, எத்தனை தடவை கழுவியும் போகாத மருந்தும் பவுடரும் கலந்த வாடை அறையில் நின்றது.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம். போட்டதும் எது வேண்டும் என்று பட்டியல் கேட்கும், சில நொடி விட்டால் மேல் வரியில் இருப்பது தானாகத் திறக்கும். 'ஆபீஸ்' அவனுடையது. 'அண்ணன்' பக்கவாதத்தில் விழுந்த அண்ணனுக்காக அவனே போட்டுக் கொடுத்தது. அதில் ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால் வீடு முழுக்க மணி அடிக்கும். அண்ணனுக்கு அசைந்தது மடங்கிப்போன ஒரு விரல்தான், அதன் பக்கவாட்டால் அழுத்துவான். பேச்சும் குழறும்.

"அடிச்சு அடிச்சு உன் உயிரை வாங்குறேன்டா தம்பி," என்பான்.

"இருக்கிறது ஒண்ணுதான், பார்த்து வாங்குண்ணா," என்பான் இவன்.

அந்த வாரம் ஆபீஸ் வேலை கழுத்தைப் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் பட்டியலில் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, தானாகவே திறக்கட்டும் என்று 'ஆபீஸ்' வரியை மேலே ஏற்றினான். மாற்றி வைக்க மறந்தான். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் தானாக 'ஆபீஸ்' பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்டு நின்றது. மணி அடிக்கவில்லை. பக்கத்து அறையில் இவன் ஆனந்தமாகத் தூங்கினான்.

எழுந்து வந்தபோது அண்ணன் சில்லிட்டிருந்தான். விரல் பட்டன்மேல். திரையில் பாஸ்வேர்டு பெட்டி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், அழுத்திய ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று.

மனைவி வருவதற்குள் புள்ளிகளை அழித்தான். "தூக்கத்துலயே போயிட்டான்," என்றான். கொடுத்து வைத்தவர் என்றார்கள் எல்லோரும். பாவி, தலையாட்டினான்.

இப்போது அவன் தயங்கி நின்ற நொடிகளில் பட்டியல் மறைந்து, 'அண்ணன்' தானாகத் திறந்துகொண்டது.

மணி அடித்தது.

கீபோர்டில் அவன் கை படவே இல்லை.

"வரேன்," என்றது அவன் வாய், பழக்கத்தில். மறுபடி மணி, நிதானமாக, பொறுமையாக. அண்ணன் கோபித்துக்கொண்டு ஒருநாளும் அடித்ததில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டான். 'ஆபீஸ்' பக்கம் நுழைந்து அந்த வரியையும், அதன் பின்னாலிருந்த சிஸ்டத்தையும் ஒட்டுமொத்தமாக அழித்தான். விரல் வழுக்கும் அளவுக்கு வியர்த்தது.

போன் வந்தது. மனைவி.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. சுத்தமா எடுத்துட்டேன்."

சரிபார்க்க ஒருமுறை திரும்பப் போட்டான். பட்டியலே வரவில்லை. நேராகப் பாஸ்வேர்டு பெட்டி. வீடு நிசப்தமாக இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

பெட்டியில் ஒரு புள்ளி விழுந்தது.

அழித்தான். மறுபடி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

கீபோர்டு வயரைப் பிடுங்கினான். இன்னொன்று.

ஸ்பேஸ் பட்டனைப் பார்த்தான். அதன் இடது ஓரம், மடங்கிய விரலின் பக்கவாட்டால் அழுத்துவது போல, மெல்ல அமுங்கியது. நின்றது. எழுந்தது.

சத்தமே இல்லை. மணி இருந்த இடத்தை அவன்தான் அழித்துவிட்டானே. இனி எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்காது. இரண்டாம் தடவையும் அவனேதான்.

"கேக்குதுண்ணா," என்றான். பொய்.

பெட்டி நிறைந்தது.

பிளக்கை இழுத்தான். திரை இருண்டது.

பட்டன் அமுங்கியது.

எழுந்தது.

அமுங்கியது.