ஸ்க்ரூவுக்கு வைத்த பொட்டு

விஜயதசமி, காலை எட்டரை மணி. அம்சவேணி தன் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். விண்டோஸ் வந்தது. போட்டோ திருத்தும் மென்பொருள் வந்தது. மகளின் படங்கள் இருந்த டிரைவ் மட்டும் வரவில்லை.

ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தாள். அப்போதும் இல்லை.

"என்னங்க, வைஷ்ணவி படம் இருக்கற டிரைவைக் காணோம்" என்றாள், தயிர் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல.

போன வருஷம் ஆவணியில் டெங்கு அவள் மகளைக் கொண்டுபோனது. அதிலிருந்து அந்தக் குரல்தான். ஊசி போட்ட பல்லீறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சாப்பிடு என்றால் சரி. மாப்பிள்ளையை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்குங்கள் என்று கல்யாண வீட்டார் கேட்டால் அதற்கும் சரி. திரையில் எந்தப் பெட்டி முளைத்தாலும் படிக்காமலே ஓகே. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவளைத் தைரியசாலி என்றார்கள். என்னத்தைச் சொல்ல, பார்ப்பவர்களுக்கு மரத்துப்போவதும் தைரியமும் ஒன்றுதான்.

டெல்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கணவன் மாதவ் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அம்சவேணிக்கு வீட்டிலிருந்தே முகம் திருத்தும் தொழில். பரு, தழும்பு, தேமல், கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் திரையில் துடைத்துவிடுவாள். மனிதத் தோலை அவளைப்போல் உற்றுப் பார்த்தவர்கள் ஊரில் டாக்டர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தவள் வைஷ்ணவி. அப்போது பதினாறு வயது. நேரு ப்ளேஸில் கடை கடையாக அம்மாவை இழுத்துக்கொண்டு அலைந்தாள். கடைக்காரர் கலர் கலராய் லைட் மின்னும் கேபினெட்டைக் காட்டியபோது, "பையா, டிஸ்கோ நஹீ சாஹியே" என்று ஒதுக்கிவிட்டாள். அம்மாவிடம், "காசை மானிட்டர்ல போடும்மா. அது நிறத்துல பொய் சொல்லக் கூடாது. ராம் நிறைய வேணும். கிராஃபிக்ஸ் கார்டு நடுத்தரம் போதும், நீ என்ன கேமா ஆடப்போறே?" என்று அதட்டினாள்.

சேமிப்புக்கும் அவள்தான் திட்டம் போட்டாள். சின்ன எஸ்எஸ்டி டிரைவ் ஒன்றில் விண்டோஸ். வேகமான இன்னொரு எஸ்எஸ்டியில் அன்றாட வேலை. முடிந்த வேலைகளுக்கும் வீட்டுப் படங்களுக்கும் இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானே எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். "ஆனா இது பேக்கப் ஆகாதும்மா. மூணாவதா ஒண்ணு வாங்கி வேற வீட்ல வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதை வாங்குவதற்குள் ஆவணி வந்துவிட்டது. கேமரா கார்டில் இருந்தவற்றை மாதவ் டிஸ்கில் ஏற்றிவிட்டு, கார்டை அழித்துவிட்டிருந்தான். ஆக, மகளின் கடைசிப் படங்கள் உலகத்தில் அந்த இரண்டு டிஸ்கில் மட்டும்தான் இருந்தன. அம்சவேணி அவற்றை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை.

வருஷத் திதி போன மாதம் முடிந்தது. சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது ஸ்கூல் அடையாள அட்டைப் படம். பெரிதாக்கியதில் முகம் கலங்கிப்போயிருந்தது. விஜயதசமியன்று மகளின் படங்களைத் திறந்து, நல்லதாக ஒன்று பிரிண்ட் போடப்போவதாக பத்து நாளாகவே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவளாக ஆசைப்பட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

மாதவ் வந்தான். முதல் நாள் மாலை பூஜைக்கு வந்து இரவு அங்கேயே தங்கியிருந்த அவன் தம்பி இளஞ்செழியனும் எழுந்து வந்தான். புசா ரோடு பக்கம் அறை எடுத்து ஐஏஎஸ்ஸுக்குப் படிக்கிறவன். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த கேபினெட்டின் கண்ணாடிப் பக்கத்தை அவன் முன்னால் திருப்பினான். திறக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி வழியாகவே தெரிந்தது: டிஸ்க் வைக்கும் இரண்டு தட்டும் காலி. வயர்கள் தொங்கின.

"திருட்டு, அண்ணி. நேத்து ராத்திரி நடந்திருக்கு" என்றான் இளஞ்செழியன்.

"போனது போகட்டும். விடு" என்றான் மாதவ்.

"எப்படிண்ணா விடறது? நேத்து நாம எல்லாரும் கீழ வாக்கிங் போனப்ப வீட்ல யாரு இருந்தா? காலைல இந்த ரூமைப் பெருக்கினது யாரு?"

அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. செல்வி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். விழுப்புரத்துக்காரி. ஆறு வருஷமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள்.

"என்னையா அண்ணா சொல்றீங்க? அச்சா, இந்தாங்க பை. பாருங்க. வேணும்னா ஜுக்கில என் குடிசைக்கும் வந்து பாருங்க."

மாதவ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அம்சவேணிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பதில் மவுஸ் பேடை நேராக்கினாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒன்பது மணிக்கு, மாதவ் போலீஸ் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், இளஞ்செழியன் கீழ்வீட்டு கனிமொழியிடம் நடந்ததையெல்லாம் சொல்லி அழைத்து வந்தான். திருநெல்வேலிக்காரி, டெல்லி போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். லீவு நாளானதால் நைட்டிமேல் துப்பட்டாவும் கையில் காபி டம்ளருமாக வந்தாள்.

"யாரும் பெட்டியத் தொறக்கலல்லா? நல்லது. தொடாதீய" என்றாள். "அக்கா, கடைசியா எப்ப வேலை செஞ்சிய?"

"நேத்து மத்யானம். ஒரு ஆல்பம் முடிச்சேன்."

"அப்ப எல்லாம் ஒழுங்கா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பொறவு?"

"சாயங்காலம் ஆயுத பூஜை. பொட்டு வெச்சு, பூ வெச்சோம். அதுக்கப்புறம் தொடக் கூடாதுல்ல. இன்னிக்குக் காலைல மறுபூஜை பண்ணிட்டுத்தான் ஆன் பண்ணேன்."

போன வருஷம் தீட்டு, பண்டிகை கிடையாது. இந்த வருஷமும் கொலு வைக்க மனசு வரவில்லை. பொம்மைப் பெட்டி பரணிலேயே கிடந்தது. ஆயுத பூஜையாவது செய்வோம் என்று மாதவ்தான் ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை அம்சவேணி மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கேபினெட்டைப் பால்கனிக்குத் தூக்கிப்போய், உள்ளே அப்பியிருந்த டெல்லித் தூசியை ஊதித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தான்.

கனிமொழி டார்ச் அடித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"தம்பி, இதுக்குள்ள விலை கூடின சாமான் எது?"

"கிராஃபிக்ஸ் கார்டு. அப்புறம் ராம். ரெண்டும் நேரு ப்ளேஸ்ல கை மேல காசு."

"ரெண்டும் இருக்கு. பழைய டிஸ்க்க மட்டும் களவாண்ட கள்ளன் விவரம் கெட்டவன்லா?" காபியை ஒரு மடக்குக் குடித்தாள். "செல்வி, இதுல டிஸ்க் எங்க இருக்குன்னு காட்டு பாப்போம்."

செல்வி மானிட்டரைக் காட்டினாள்.

கனிமொழி சிரிக்கவில்லை. கேபினெட்டின் பின்பக்கம் குனிந்தாள். பக்கவாட்டுத் தகடுகளைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூ. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"ஸ்க்ரூவுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் அம்சவேணி. "மெஷின் வாங்கின வருஷம் அவ வெக்கச் சொன்னா. ஸ்க்ரூவும் ஆயுதம்தாம்மா, அது இல்லன்னா எதுவும் நிக்காதுன்னு. நேத்து கை தானா அங்க போயிடுச்சு."

"சந்தனம் ஸ்க்ரூவுலயும் தகட்டுலயும் சேத்து அப்பி காஞ்சிருக்கு. கால் சுத்து திருப்புனாலும் வெடிச்சிருக்கும். தொறந்துட்டு மறுபடி பூசியிருக்கலாம்லா? நீங்க பாருங்க. ஒட்டுவேலை உங்க கண்ணுக்குத் தப்பாது."

அம்சவேணி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கல்யாணப்பெண்ணின் கன்னத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"ஒட்டு இல்ல. ஒரே பூச்சு. என் விரல்தான்."

"அப்ப பூஜைக்குப் பொறவு இந்தப் பெட்டிய யாரும் தொறக்கல. நேத்து சாயங்காலம் வந்த தம்பியும் இல்ல, செல்வியும் இல்ல."

"அது எப்படி மேடம்?" இளஞ்செழியன் விடவில்லை. "அண்ணி நேத்து மத்யானம் வரைக்கும் வேலை செஞ்சிருக்காங்களே."

"அன்னன்னிக்கு வேலை எதுல இருக்கும்?"

"எஸ்எஸ்டில. அது வேற."

"சரி. பெரிய டிஸ்க்கக் காணும்னா கம்ப்யூட்டர் வாயத் தொறக்காதா?"

"தொறக்கும். மென்பொருளை ஆரம்பிச்சதுமே ஒரு பெட்டி வரும். டிரைவ் கிடைக்கலை, தொடரலாமான்னு."

அம்சவேணி தன் வலது கையைப் பார்த்தாள்.

"வந்துச்சு" என்றாள். "ஏதோ பெட்டி வந்துச்சு. நேத்து வந்துச்சு. முந்தாநாளும் வந்துச்சு. நான் ஓகே குடுத்தேன். தினமும் ஓகே குடுத்தேன்."

"எப்பலேர்ந்து?"

"தெரியல. படிக்கவே இல்ல."

கனிமொழி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"காசுக்கு எடுத்தவன்னா கார்டத் தூக்கியிருப்பான். படம் வேணும்னு எடுத்தவன்னா ஒரு டிஸ்க் போதும், ரெண்டுலயும் ஒண்ணுதான இருக்கு. ரெண்டையும் எடுத்த ஆளுக்கு, அந்தப் படம் அக்கா கண்ணுல படக் கூடாது. ஆனா அழிக்கவும் மனசு இல்ல. அழிக்கணும்னா ஸ்க்ரூவத் தொட வேண்டாம், ரெண்டு சொடுக்குல முடிஞ்சிருக்கும். பூஜைக்கு முன்ன இந்தப் பெட்டியத் தொறந்தது ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு நாளு. ஞாயித்துக்கெழம எங்க பால்கனி வரைக்கும் கொட்டுற மாதிரி தூசி தட்டுனது நீங்கதான அண்ணாச்சி?"

மாதவ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"போலீஸ் வேண்டாம்னதும் நீங்கதான். ஒரு பொம்பளையத் திருடின்னு சொல்லும்போது வேடிக்க பாத்துட்டு நின்னதும் நீங்கதான். எனக்கு அதுலயே பாதி வெளங்கிட்டு."

"கொலுப் பெட்டில இருக்கு" என்றான் மாதவ். "அவ அதைத் தொறக்கமாட்டான்னு தெரியும்."

இளஞ்செழியன் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். செட்டியார் பொம்மைக்கும் செட்டிச்சி பொம்மைக்கும் நடுவில், பழைய வேட்டியில் சுற்றிய இரண்டு டிஸ்க்.

"ஏன்?" என்றாள் அம்சவேணி.

"நீ உங்கக்கா பொண்ணு கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்தே. காய்ச்சல் திங்கட்கிழமைதான் வந்துதுன்னு உன்கிட்ட சொன்னேன். பொய். வியாழக்கிழமையே வந்துடுச்சு. மாத்திரை குடுத்தேன், விட்டுது. ஞாயித்துக்கிழமை லோதி கார்டன் போகணும், படம் எடுக்கணும்னா. கூட்டிட்டுப் போனேன். நான்தான் எடுத்தேன். நீ அந்தப் படத்தைப் பாத்தா..." புதன்கிழமை வைஷ்ணவி இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

"மொதல்ல செல்விகிட்ட பேசுங்க அண்ணாச்சி" என்றாள் கனிமொழி.

மாதவ் செல்விமுன் போய் நின்றான். "தப்பு என்னுது செல்வி. உன்னைச் சொன்னப்ப நான் வாயத் தொறந்திருக்கணும்." இளஞ்செழியன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

செல்வி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "பாத்திரம் பாதிதான் சார் ஆச்சு. மீதிய நீங்க தேச்சுக்குங்க. நாளைக்கு வர்றதா வேணாமான்னு நான் யோசிச்சு அக்காவுக்கு போன் பண்றேன்." கனிமொழி அவளோடு படியிறங்கினாள்.

ஸ்க்ரூக்களை அம்சவேணியே கழற்றினாள். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. டிஸ்க்குகளைத் தட்டில் தள்ளி, வயரைச் செருகி, ஆன் செய்தாள். டிரைவ் வந்தது. அதில் வைஷ்ணவி என்ற ஃபோல்டரும் வந்தது.

கடைசிப் படம். லோதி கார்டன் புல்வெளி, பின்னால் கல்லறை மண்டபத்துச் சுவர், நெற்றியில் ஒட்டிய முடி, சிரிப்பு. அம்சவேணி இடது முழங்கையைப் பெரிதாக்கினாள். நிறத்தில் பொய் சொல்லாத மானிட்டர். தோலுக்கடியில் சின்னச் சின்னதாய்ச் சிவப்புப் புள்ளிகள். யாரோ குங்குமத்தைச் சிந்திவிட்டதுபோல் மணிக்கட்டுவரை போயின.

"எடுக்கும்போதே இது தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. வேர்க்குருன்னு நெனச்சேன்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அம்சவேணிக்குக் கோபம் வந்தது. தனக்குக் கோபம் வரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. நான் இருந்திருந்தால் இது வேர்க்குரு இல்லையென்று பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பேன் என்று நினைத்தாள். அதை அவனிடம் வாய்விட்டும் சொன்னாள். அவன் ஆமாம் என்றான்.

அதற்குள் கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்திருந்தது. பழக்கதோஷம். திருத்தும் பிரஷ்ஷை எடுத்து ஒரு புள்ளியைத் துடைத்துவிட்டிருந்தது. அந்த இடத்தில் தோல் மாசு மருவில்லாமல் இருந்தது. அவள் சட்டென்று கையை எடுத்துவிட்டுப் படத்தை மூடப் போனாள். திரையில் ஒரு பெட்டி முளைத்தது.

படித்தாள். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். செய்த மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டிருந்தது. வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

மறுபடியும் திறந்தபோது அந்தப் புள்ளி அதன் இடத்தில் இருந்தது.