ஏக்கக் கூடம்

ஐஸ் ஆலையில் வேலை முடிந்ததும் சகாயம் உள்ளங்கைகளை வெந்நீரில் நனைத்துக்கொண்டான். சில்லிட்ட கையைக் கருவி படிக்காது. பிறகு கடல் சுவரை ஒட்டிய சாலை வழியாக ஏக்கக் கூடத்துக்கு நடந்தான். ஒவ்வொரு மாலையும் இப்படித்தான்.

கூடத்தின் நடுவில் ஒரு குத்துச்சண்டை மேடை. கயிறுகள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும், விளக்குகள் எரியும், தரை துடைத்திருக்கும். சண்டை மட்டும் நடக்காது. சுற்றிலும் நாற்காலிகள். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு செப்புத் தகடு; அதுதான் ஏக்கமானி. சண்டை போடத் தடை செய்யப்பட்டவரின் பெயரைச் சொல்லி, தகட்டில் உள்ளங்கையை வைத்து, காலி மேடையைப் பார்த்தபடி உட்கார வேண்டும். பேசக் கூடாது. நாடியையும் வியர்வையையும் வைத்து, அந்த ஆள் இல்லாதது உட்கார்ந்திருப்பவரை எவ்வளவு வருத்துகிறது என்று கருவி கணக்கிடும். திரையில் எண் ஏறும்.

"வாப்பா. இன்னைக்காச்சும் கொஞ்சம் மனசு வெச்சு உக்காரு," என்றார் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கரீம் பாய். பின்வரிசையில் தகட்டில் கை வைத்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார். "தம்பிக்காக வர்றாரு. தூக்கத்துலயே அவருக்கு ஏறுது. நீ முழிச்சிக்கினு இருந்தும் ஏறல."

சகாயம் சிரிக்கவில்லை. மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டுக் கையை வைத்தான். செலின். திரையில் நேற்றைய எண்ணே நின்றது. அவன் எழுந்தபோதும் அது அங்கேயே நின்றது.

முன்பெல்லாம் தடையை மாதக் கணக்கில் விதித்தார்கள். ஊக்கமருந்து ஒன்றுதான், ஒருவருக்கு நான்கு ஆண்டு, இன்னொருவருக்கு நான்கு மாதம். யாருக்கு எவ்வளவு என்பது டிக்கெட் விற்பனையைப் பொறுத்தது என்று ஊரே பேசியது. திட்டு வாங்கிச் சலித்த குத்துச்சண்டை ஆணையம், தீர்ப்பு சொல்வதையே விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே விதியைக் கொண்டுவந்தது. ஒருவர் மேடையில் இல்லாததால் மக்கள் படும் ஏக்கம் ஒரு லட்சம் அலகைத் தொட்டால் தடை தானாக நீங்கும். எல்லோருக்கும் அதே ஒரு லட்சம். கேட்டபோது அது நியாயமாகத்தான் இருந்தது. சகாயமும் கைதட்டினான்.

செலினும் ஊரே கொண்டாடும் மித்ராவும் ஒரே குத்துச்சண்டை முகாமில் பயிற்சி எடுத்தவர்கள். முகாம் மருத்துவர் ஒரே புட்டியிலிருந்து இருவருக்கும் ஊசி போட்டார். அது என்னவென்று இருவருக்கும் தெரியும். இருவரும் ஒரே நாளில் பிடிபட்டார்கள். மித்ராவின் முகம் கோடிக்கணக்கான கைபேசிகளில் தோன்றியது. கைபேசிக் கண்ணாடியிலும் ஏக்கமானி உண்டு. ஜனங்கள் அந்த முகத்தைத் தொட்டுத் தொட்டு அழுதார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவளுடைய தடை முடிந்துவிட்டது.

செலினின் முகம் யார் கைபேசியிலும் வரவில்லை. இன்னார் என்றே தெரியாதவளை யார் தேடுவார்கள்? சகாயம் ஒருவன்தான் தேட வேண்டியிருந்தது. இது மூன்றாவது ஆண்டு. அடுத்த ஆண்டு கோடையில் செலின் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்; அதற்குப் பிறகு தடை நீங்கினாலும் நீங்காவிட்டாலும் ஒன்றுதான்.

வீட்டில் அவள் பீரோ கண்ணாடியின் முன் நின்று காற்றில் குத்திக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"எவ்ளோ ஏறுச்சுய்யா?"

"நூறு கிட்ட."

"பரவால்ல, நேத்தைக்கு மேல." இடது கையால் இரண்டு குத்து விட்டாள். "மித்ராவோட ஆளு போன் பண்ணாரு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஷோ. எதுத்து நிக்க ஆளு தேடுறாங்க. நீ சொன்ன கணக்கெல்லாம் கூட்டிப் பாத்தேன். நாளைக்கு லட்சம் தாண்டிடும்."

"அவ்ளோ சீக்கிரமா? இன்னும் கொஞ்சம் இருக்கும்."

"கொஞ்சந்தான? நாளைக்கு நானும் வர்றேன்."

தடைக்குள்ளானவர் விடுவிப்பு நாளில் மட்டுமே கூடத்துக்குள் வரலாம். ஆள் எதிரில் இருந்தால் ஏக்கம் வராது என்பதால் அந்த ஏற்பாடு. இதுவரை அந்த ஏற்பாடு சகாயத்தைக் காப்பாற்றி வந்தது. அன்று இரவு அவன் சாப்பிடும்போது இரண்டு முறை வாயைத் திறந்தான். இரண்டு முறையும் சோற்றை வைத்து மூடிக்கொண்டான்.

மறுநாள் செலின் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தாள். கரீம் பாய் அவளைப் பார்த்ததும் சகாயத்தைப் பார்த்தார்.

"என் பேரைப் போடுங்க பாய்."

திரையில் எண் வந்தது. ஐம்பத்தோராயிரம் சொச்சம்.

"தப்பா காட்டுது."

"மெஷின் சரியாத்தாம்மா இருக்கு. போன வருஷம் ஈஸ்டர்லேர்ந்து அது அங்கயேதான் நிக்குது."

செலின் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்வரிசைக்காரரின் குறட்டை கேட்டது. வெளியே கடல் சுவரில் அலை மோதியது. யாராவது ஏதாவது பேசினால் நன்றாக இருக்கும் என்று சகாயத்துக்குத் தோன்றியது. பேச வேண்டியவன் அவன்தான்.

"தெனம் இங்க வந்தியா, இல்ல எங்கனா சுத்தினியா?"

"தெனம் வந்தேன்."

"வந்து?"

"உக்காந்தேன்."

"அப்பறம் இன்னாய்யா?"

சகாயம் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "உன் மூஞ்சி இப்ப வீங்குறதில்ல. வலது காது நல்லா கேக்குது. நைட்ல மூச்சு முட்டி எந்திரிக்கிறதில்ல. போன மாசம் கடல் சுவர்ல குந்தி வறுத்த மீன் துன்னோமே, தாடை வலிக்காம துன்ன. இங்க வந்து உக்காந்தா எனக்கு அதான் ஞாபகம் வருது. ஏங்கணும்னுதான் பாக்குறேன் செலினு. வர மாட்டேங்குது."

"அப்ப நீ சந்தோஷமா இருக்க."

அவன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நான் சந்தோஷமா இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவள் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் பெயரைத் தானே சொல்லி, தகட்டில் கையை வைத்து மேடையைப் பார்த்தாள். தாடை இறுகியது. கழுத்து நரம்பு துடிப்பது நின்ற இடத்திலிருந்தே சகாயத்துக்குத் தெரிந்தது. தகடு சிவந்து, ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது: தடைக்குள்ளானவரின் ஏக்கம் கணக்கில் சேராது.

செலின் கையை எடுக்கவில்லை. குரல் மறுபடியும் சொன்னது. கரீம் பாய் போய் ஒலியை நிறுத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எழுந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. மணி அடித்ததும் மூலைக்குத் திரும்புகிறவளின் முகம்தான் இருந்தது.

"எண்ணூர்ல அக்கா வீட்டுக்குப் போறேன். போன் பண்ணாத. குரல் கேட்டா ஏக்கம் எறங்கிடும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"அது உன் கைல இருக்கு."

அந்த வாரமே மித்ரா இரண்டாவது முறை பிடிபட்டாள். ஆலை வாசல் திரையில் செய்தி ஓடியது. ஆணைய அதிகாரி, விதி யாருக்கும் வளையாது என்றார். அவர் பேசி முடித்ததும் விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிவதற்குள் தடை நீங்கியிருந்தது. வேலையாட்கள் விசிலடித்தார்கள்.

சகாயம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். அடுப்பு சூடில்லாமல் கிடந்தது. பீரோ கண்ணாடியில் அவன் மட்டும் தெரிந்தான். கையை வெந்நீரில் நனைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், பெயரைச் சொல்லி உட்கார்ந்தான்.

எண் ஏறியது. முதல் ஆண்டில்கூட அது இப்படி ஏறியதில்லை. வீராங்கனை இல்லாத மேடையும் மனைவி இல்லாத வீடும் கருவிக்கு ஒன்றுதான். மறுநாள் இன்னும் வேகமாக ஏறியது. இந்த வேகத்தில் போனால் கிறிஸ்துமஸ் ஷோவுக்கு முன்பே லட்சம் நிறைந்துவிடும். நிறைந்தால் செலின் மித்ராவின் எதிரில் நிற்பாள். நிறையாவிட்டால் எண்ணூரிலேயே இருப்பாள். அவளுடைய வீங்காத முகம் அவன் கண்ணுக்குள் வந்தது. அதற்கும் எண் ஏறியது.

"ஏறுதுப்பா! பாரு, எப்படி ஏறுது!" கரீம் பாய் கூடத்தின் விதியை மறந்து கத்தினார். பின்வரிசைக்காரர் விழித்துக்கொண்டார். "இன்னாப்பா பண்ண?"

சகாயம் காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையை எடுத்துவிடலாம் என்று நினைத்தான். அதற்கும் ஏறியது.