மூடின பெட்டி வேண்டாம்

"இதைத் திறந்து காட்டுங்க சேட்டா," என்றாள் இசக்கிசெல்வி.

ஷோரூமின் மலையாள விற்பனையாளர் அவளைக் குனிந்து பார்த்தார். பன்னிரண்டு வயதுப் பெண், இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். மேசை மேல் அந்த கேமிங் கம்ப்யூட்டர் சிவப்பும் நீலமுமாக மின்னியது, கல்யாண வீட்டு வாசல் மாதிரி. கம்பெனியிலேயே எல்லாப் பாகங்களையும் பூட்டி, சீல் வைத்து அனுப்பிய பெட்டி அது.

"தொறக்கக் கூடாது மோளே. சீல் உடைச்சா வாரண்டி போகும்."

"சரி, உள்ளே இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்ன கம்பெனி?"

கரண்டை வாங்கி எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டியைத்தான் கேட்டாள். அது சரியில்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

"அது நல்ல சாதனமாணு."

"பேரு?"

"நல்ல... சாதனம்."

"பின்னாடி இன்னொரு ரேம் போட உள்ளே இடம் இருக்கா?"

பதில் அங்கே எழுதியிருப்பதுபோல விற்பனையாளர் மேலே கூரையைப் பார்த்தார்.

"ஏட்டி, கொஞ்சம் சும்மா இரு," என்று பல்லைக் கடித்தான் செல்வகணேஷ். பெரியப்பா மகன். கழக்கூட்டம் பகுதியில் ஐ.டி. ஆபீஸ் வேலை. அதனால் வீட்டில் மிக்சி ஓடவில்லையென்றாலும் அவனைத்தான் கேட்பார்கள். "சித்தப்பா, இதையே எடுத்திருவோம். கொண்டுபோய் பிளக்கை மாட்டினா வேலை முடிஞ்சுது."

"எனக்கு வேண்டாம்," என்றாள் செல்வி. "பாகம் பாகமா வாங்கி நானே பூட்டுவேன்."

"நீயா? சைக்கிள் செயின் மாட்டத் தெரியுமாட்டி ஒனக்கு?"

செல்விக்குக் காது சூடாகிவிட்டது. செல்வகணேஷ் அண்ணன் கழித்துப்போட்ட பழைய லேப்டாப்பில் இரண்டு வருடமாகக் கார் ரேஸ் ஆடுகிறாள். கடைசிச் சுற்று வரும்போதெல்லாம் அது மூச்சை நிறுத்திவிடும். பக்கத்துத் தெருத் தோழி அஞ்சு ஜெயித்துவிட்டு, "இன்னைக்கும் கரண்டு போச்சா?" என்று கேட்பாள். அந்த லேப்டாப்பைத் திறந்து, தூசி தட்டி, திரும்ப மூடிப் பழகியவள் செல்விதான். அண்ணனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

அவள் அப்பாவிடம் திரும்பினாள். அப்பாவின் பெயர் மகாராஜா. சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம்.

"அப்பா, லாரியில மூட்டை வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"குத்தூசி வச்சுக் குத்தி, உள்ள இருக்க அரிசியை எடுத்துப் பாப்பேன். என்னத்துக்கு?"

"மூட்டை மேல படம் நல்லாத்தானே போட்டிருக்கும்?"

"படத்தையா மக்களே வேவிச்சுத் திங்கது?" என்று மகளையே திருப்பிக் கேட்டார்.

"குத்தக் கூடாதுன்னு சொன்னா?"

"லாரியத் திருப்பி அனுப்பி..." மகாராஜா பாதியில் நிறுத்தினார். மின்னுகிற பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா, போலாம்."

"சித்தப்பா!" என்று அலறினான் செல்வகணேஷ்.

"இரு கணேசா. மக்களே, நீயும் கேளு. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அது ஓடணும். ஓடலைன்னா பாகத்தையெல்லாம் திருப்பிக் குடுத்திட்டு, அண்ணன் சொன்னதைத்தான் வாங்குவேன். பின்னே அழப்பிடாது."

"அழ மாட்டேன். ஓடும்," என்றாள் செல்வி.

பழவங்காடிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் ஒவ்வொரு பாகமாகக் கையில் வாங்கிப் பார்த்து, பெயர் படித்து, பொறுக்கி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசை அவள் வசமானது. அம்மா சூடாமணி இட்லித் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மதர்போர்டைத் திருகினாள். பிராசசரை மூச்சுப் பிடித்து வைத்தாள். அதன் மேல் பசையைப் பட்டாணி அளவு வைத்து, சூட்டைத் தணிக்கிற காற்றாடியைப் பொருத்தினாள். மதியத்துக்குள் எல்லாம் உள்ளே போய்விட்டது. வயர்கள் மட்டும் தாறுமாறாகத் தொங்கின.

அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நான் ஒரு கை வைக்கட்டா மக்களே?"

அப்பா கேட்டதே செல்விக்குச் சந்தோஷமாக இருந்தது. மகாராஜா சாக்குச் சணலை எடுத்து, வயர்களைச் சேர்த்து, மூட்டை வாயைக் கட்டுகிற அதே முடிச்சைப் போட்டார். முப்பது வருடத்து முடிச்சு. யானை இழுத்தாலும் அவிழாது. செல்வி பெட்டியை மூடினாள்.

நான்கு மணிக்கு செல்வகணேஷ் வந்தான். செல்வி பொத்தானை அமுக்கினாள். திரையில் வெளிச்சம் வந்தது. அம்மா கைதட்டினாள்.

நான்காவது நிமிடத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது.

மறுபடி அமுக்கினாள். இந்த முறை ஒரு நிமிடம்கூட ஓடவில்லை.

"நான் அப்பவே சொல்லலியா?" செல்வகணேஷ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். "வாங்க சித்தப்பா, ஷோரூம் பூட்டதுக்குள்ள போயிருவோம்."

செல்வி அழவில்லை. "இன்னும் சாயங்காலம் முடியல்ல," என்று சொல்லிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினாள். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அத்தனையும் அவள் வைத்தது. பிராசசர் பக்கம் விரலைக் கொண்டு போனாள். நெருப்பாகச் சுட்டது. காற்றாடியை மெல்லத் தள்ளினாள். அசையவில்லை.

அதன் இறகில் சணல் கயிற்றின் வால் சுற்றிக்கொண்டு கிடந்தது.

நிமிர்ந்தாள். அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"என்னது? என்ன தப்பு பண்ணினே?" என்று எட்டிப் பார்த்தான் செல்வகணேஷ்.

"சரியாப் பாக்காம மூடிட்டேன்," என்றாள் செல்வி. பிறகு அப்பாவிடம், "அப்பா, உங்க கட்டு அப்படியே இருக்கட்டும். வாலை மட்டும் நறுக்கிருங்க," என்றாள்.

மகாராஜா கத்தரியால் நறுக்கினார். "கட்டு நான் போட்டதாக்கும் கணேசா," என்றார். "பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லே."

"கேட்டீங்களா! ஷோரூம் பெட்டியில இந்தச் சணல் தொல்லை உண்டா?"

"அது கெட்டுப்போனா நீங்க என்ன செய்வீங்கண்ணே?" என்று கேட்டாள் செல்வி.

"சர்வீஸ் சென்டர்ல குடுப்பேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு... பத்து நாள்."

"எனக்குப் பத்து நிமிஷம்," என்றாள் செல்வி, மூடியைத் திருகிக்கொண்டே.

பொத்தானை அமுக்கினாள். காற்றாடி சுழன்றது. நான்கு நிமிடம் ஆனது. எட்டு ஆனது. இருபது ஆனது. காற்றாடிச் சத்தம் சீராகக் கேட்டது. செல்வி கார் ரேஸைத் திறந்தாள்.

செல்வகணேஷ் நாற்காலியை மெதுவாக முன்னால் இழுத்தான். "ஒரு ரவுண்டு நான் ஆடட்டாட்டி?"

"வரிசையில வாங்கண்ணே. மொதல்ல அப்பா."

மகாராஜா கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கார் கிளம்பியது, வளைவில் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று அவர் ஒன்பது முறை மோதினார். கம்ப்யூட்டர் ஒரு முறைகூட நிற்கவில்லை.