ஊரடுப்பில் ஒரு கொலை

12-2-1985, செவ்வாய்.

நேற்றைய டைரிப் பக்கத்தில் ஒரு தவறு. ஊர்ச் சாணவாயு சில நாளாகக் குறைந்துகொண்டே வந்ததால், அதைத் திருடுவது டீக்கடை மொக்கைச்சாமி என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

திருட்டே இல்லை. நடந்தது கொலை...

காலையில் ஒரு அலறல். "நல்லகாமா, அடுப்பு செத்துப்போச்சுடா!"

அலறியது அன்னக்கொடி அக்கா. எங்கள் ஊர் மாதர் சங்கத் தலைவி. அந்தச் சங்கத்துக்கு எழுத்து வேலை பார்ப்பவன் நான். மாலையில் மதுரைக்குப் போய்ப் படிக்கிறேன்.

ஓடினேன்.

ஊர்மாடுகளின் சாணத்தை ஒரே குழியில் கரைத்து, அதில் வரும் வாயுவில் எல்லா வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். அரசு மானியத்தில் ஊரே சேர்ந்து கட்டியது. வாயு சேர்ந்தால் குழியின் மேலிருக்கும் இரும்பு டிரம் எழும்பும்.

டிரம் படுத்துக் கிடந்தது. பிணம் மாதிரி!

இன்றுதான் மானிய அதிகாரி வருகிறார். அடுப்பு எரியாவிட்டால் டிரம்மைக் கழற்றிச் சோழவந்தான் பக்கம் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அக்கா மறுபடி விறகுப் புகையில் கண்ணைக் கசக்க வேண்டியதுதான்.

வாயு போகும் குழாய், மொக்கைச்சாமியின் கடைக்குப் பின்னால் போகிறது. ஊரே அவரை வளைத்துக்கொண்டது. அவர் அசரவில்லை.

"ஏன் மாப்ள, என் டீயக் குடிச்சிருக்கியா? அம்புட்டும் புகை நாத்தம். கேஸ்ல போட்டா அப்படியா இருக்கும்?"

குடித்துப் பார்த்தேன். புகைதான். குழாயையும் முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை.

ஜீப் வந்தது...

அதிகாரி நாகசுப்பிரமணியன் அக்கா வீட்டு அடுப்பில் தீக்குச்சி கிழித்தார். அணைந்தது. இன்னொன்று... அதுவும்!

வெளியே வந்து, குழியருகே நின்று, 'தோல்வி' என்று எழுதப் பேனாவைத் திறந்தார். மூச்சை இழுத்தார்.

"ஆனா ஒண்ணு. போன தடவை மாதிரி நாத்தமே இல்ல. என்னமோ வாசனையாக்கூட இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. சாணக்குழி ஏன் நாறவில்லை?

குச்சியை விட்டுக் கலக்கி முகர்ந்தேன். என் மூக்கின் மேல் எனக்கே நம்பிக்கையில்லை. மறுபடியும் முகர்ந்தேன்.

பெரியாஸ்பத்திரி வாசனை... பினாயில்!

வாயுவை உண்டாக்குவது சாணத்திலுள்ள கிருமிகள். பினாயில் பட்டால் அத்தனையும் காலி.

யார் ஊற்றியது என்று கேட்டேன். அன்னக்கொடி அக்கா பெருமையாக முன்னால் வந்தார்.

"நான்தேன். ஐயா வாராகன்னு லெட்டர் வந்ததுலருந்து தெனமும் ஊத்துறேன்."

"எதுக்குக்கா?"

"போன தடவை ஐயா மூக்கைப் பொத்திக்கிட்டே நின்னாகள்ல? பள்ளிக்கூடத்துக்கு ஆபீசர் வந்தப்பவும் பினாயில் ஊத்தித்தானே வரவேத்தோம்."

எல்லோரும் அதிகாரியின் மூக்கைப் பார்த்தார்கள். அவர் அதைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

மொக்கைச்சாமிக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. "அப்ப யாரைத்தேன் உள்ள தள்றது? மூக்கையா?"

பேனா மூடப்பட்டது. அடுத்த மாதம் மறுபடி வருவதாகவும், அதுவரை டிரம் இங்கேயே இருக்கட்டும் என்றும் அதிகாரி சொன்னார். போகிற போக்கில் என்னைத் தனியே அழைத்து, மூக்கு விஷயம் மேலே போக வேண்டாம் என்றார்.

நாளைய வேலை: குழியைக் காலிசெய்து, வீடு வீடாகப் புதுச்சாணம் சேர்ப்பது. அதிகாரி வருவதற்குள் ஊர் நன்றாக நாற வேண்டும்.